பால் வெட்டும் கையில் மீண்டும் பெபிள்

குலசேகரம் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய ரப்பர் தோட்டத்தில் நானே பால் வெட்டுகிறேன். ஆகவே கடிகாரத்திடம் நான் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான்: விடியுமுன் வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமல் என்னை மட்டும் எழுப்ப வேண்டும், பால் ஒட்டிய விரலுக்கும் கட்டுப்பட வேண்டும், தினமும் சார்ஜ் கேட்கக் கூடாது. இப்போது நான் கட்டியிருக்கும் பெபிள் 2 டூவோவுக்கு முன், 2015-இல் வந்த பெபிள் டைம் என்ற ஸ்மார்ட் கடிகாரம் இவை அனைத்தையும் செய்தது. அதனால் 2016 டிசம்பரில் பெபிள் நிறுவனம் மூடப்பட்டு, அதன் மென்பொருள் ஃபிட்பிட் என்ற நிறுவனத்தின் வசம் போன பிறகும் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

அது தொடர்ந்து ஓடியதற்கு, என்னைப் போல அதை விடாமல் கட்டியிருந்தவர்களே காரணம். 2018 ஜூன் இறுதியில் ஃபிட்பிட் சர்வர்களை நிறுத்தியபோது, ரெபிள் என்ற பெயரில் சேர்ந்த பயனாளர்கள் ஆப் ஸ்டோரையும் வானிலைச் சேவையையும் தாங்களே ஏற்று நடத்தினார்கள். பின்னர் ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் இந்தக் கடிகாரங்களை இயக்கும் மென்பொருளான பெபிள் ஓஎஸ்ஸின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த நிரலைக் கொண்டே, பெபிளை முதலில் உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி, கோர் டிவைசஸ் என்ற சிறு நிறுவனத்தின் மூலம் பெபிள் 2 டூவோவைக் கொண்டுவந்தார். வந்தபோது விலை 149 டாலர். இறக்குமதி வரி தனி.

திரை 1.26 அங்குலம், கறுப்பு வெள்ளை. அது எப்போதும் அணையாமல் இருப்பதுடன், மேலே விழும் வெளிச்சத்திலேயே தெளிவாகத் தெரிவதால், இருட்டில் நெற்றியில் கட்டிய டார்ச்சின் ஒளி பட்டாலே மணி தெரிகிறது; குளச்சல் கடற்கரையின் உச்சி வெயிலிலும் கையால் மறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி மரத்தை வெட்டி முடித்ததும், பால் எடுக்கப் போகும் நேரத்துக்கு டைமர் வைப்பது என் வழக்கம். அப்போது பெருவிரலில் பால் காய்ந்து தோல்போலப் படிந்திருக்கும். என் மச்சானின் தொடுதிரைக் கடிகாரம் அந்த விரலை உணர்வதே இல்லை. இதிலோ மேல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் டைமர் திறக்கும்படி அமைத்திருக்கிறேன். சிரட்டையையோ வாளியையோ கீழே வைக்காமல், திரையைப் பார்க்காமலேயே வேலை முடிந்துவிடுகிறது. என் வேலைக்கு இந்த நான்கு பொத்தான்களே இதன் மிகப் பெரிய சிறப்பு.

ஒருமுறை சார்ஜ் செய்தால் 30 நாள் நிற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நான் மூன்று வாரம் கழிந்த பிறகே சார்ஜரைத் தேடுகிறேன்.

உடல் ஞெகிழியால் ஆனதால் கையில் பாரம் தெரியவில்லை. பார்வைக்கும் எளிமையாகவே இருக்கிறது. கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக இது போதாது என்று என் மனைவி சொல்வதில் நியாயம் உண்டு. இதயத்துடிப்பு அளவியும் ஜிபிஎஸ்ஸும் இதில் இல்லை. துடிப்பை அளக்க வேண்டியவர்கள், வண்ணத் திரையும் உலோகச் சட்டமும் கொண்ட, 225 டாலர் விலையுள்ள பெபிள் டைம் 2-ஐப் பார்க்கலாம். பழைய பெபிள் வைத்திருந்தவர்கள் தயங்க வேண்டாம்: அன்று பழகிய பொத்தான் வரிசையும், அன்று விரும்பிய கடிகார முகப்புகளும் அப்படியே இதில் இருக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் நான் வைத்திருந்த முகப்பைத்தான் இதிலும் முதல் நாளே ஏற்றினேன்.