பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா? அம்மாவின் ரத்தம் பஸ் ஏறிய கதை

அம்மாவுக்கு வயது 67. பதினெட்டு வருஷமாகச் சுகர், கூடவே பிரஷர். மூச்சு வாங்கவில்லை, கால் வீங்கவில்லை. ஆனாலும் பின்னாளில் இதயச் செயலிழப்பு வரும் அபாயம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். சர்க்கரை நோயாளிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்க்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022-இலேயே சொல்லியிருக்கிறது. சீட்டில் அவர் எழுதியது: பிஎன்பி அல்லது என்டி-ப்ரோபிஎன்பி. அந்த 'அல்லது'வில்தான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் உருவாகி, இரண்டாக வெட்டுப்படுகிறது. வேலை செய்யும் 32 அமிலத் துண்டு பிஎன்பி. சும்மா சுற்றி வரும் 76 அமிலத் துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. (1988-இல் ஜப்பானியர்கள் இதை முதலில் பன்றி மூளையில் கண்டதால், இதயத்துச் சரக்குக்கு மூளையின் பெயர் ஒட்டிக்கொண்டது.) அறிகுறி இல்லாத சர்க்கரை நோயாளிக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் முதலாவது 50, இரண்டாவது 125 பிகோகிராமைத் தொட்டால் மேலே பார்க்க வேண்டும். கண்டுபிடிக்கும் திறனில் பெரிய வித்தியாசமில்லை.

நான் முதலில் எடுத்தது பிஎன்பி. அதற்கு நல்ல சாட்சியும் உண்டு. அயர்லாந்தில் 1,374 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பிஎன்பி 50-ஐ எட்டியவர்களை எக்கோவுக்கும் (இதய ஸ்கேன்) இதய மருத்துவரிடமும் அனுப்பினார்கள். இதயம் பழுதாவது குறைந்தது.

ஆனால் அந்த அயர்லாந்து ரத்தம் எங்களுடையதைப் போல சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஸ் ஏறவில்லை. காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் தம்பி, ஊதா மூடி டியூபை நிரப்பிப் பையில் போட்டார். "ஐஸ் வேண்டாமா தம்பி?" என்றேன். "சாயங்கால பஸ்ல மதுரைக்குப் போயிரும் சார், ஒண்ணும் ஆகாது." மறுநாள் ரிப்போர்ட் வந்தது: 38. அம்மா அன்றைக்கு ஒரு லட்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

பிஎன்பி டியூபுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். எடுத்த சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரித்துச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய்யாக இறங்கும். இறங்கிய எண்தான் ஆபத்து. ஏறிய எண்ணாவது ஒரு எக்கோ செலவோடு போகும். என்டி-ப்ரோபிஎன்பி அறை வெப்பத்தில் ஓரிரு நாள் தாங்கும், சீரத்திலும் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர்) பார்க்கலாம். இரண்டு வாரம் கழித்து மதுரையிலேயே அதை எடுத்தோம்: 410. எக்கோவில் சுருங்கும் சக்தி சரிதான், சுவர் தடித்து விரிவதில்தான் தயக்கம். டாக்டர் இதயத்துக்கும் உதவும் சுகர் மாத்திரையான டபாக்ளிஃப்ளோசின் சேர்த்தார். அந்த 38-க்கு பஸ் பயணம்தான் காரணம் என்று சத்தியம் பண்ணமாட்டேன். இரண்டு வேறு டெஸ்ட், இரண்டு வேறு நாள். ஆனால் வருஷா வருஷம் பார்க்க வேண்டிய எண்ணை வெயிலை நம்பி விட எனக்கு மனசில்லை.

மாத்திரை விஷயமும் இதே பக்கம்தான் சாய்கிறது. பின்னாளில் இதயச் செயலிழப்புக்குத் தரும் சக்யூபிட்ரில் கலந்த மாத்திரை போட நேர்ந்தால், அது பிஎன்பியை உடைக்கும் நெப்ரிலைசின் நொதியைத் தடுக்கும். இதயம் தேறி வரும்போதே பிஎன்பி ஏறிக் காட்டலாம். என்டி-ப்ரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை.

குறையும் உண்டு. சிறுநீரகம் மந்தமானால் இரண்டுமே ஏறும், என்டி-ப்ரோபிஎன்பி இன்னும் அதிகமாக. வயதோடும் ஏறும். உடல் பருத்தவர்களுக்கு இரண்டுமே இறங்கிக் காட்டும். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனினையும் பார்க்கலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு என்டி-ப்ரோபிஎன்பி ஒரே ஒருமுறைதான் எடுத்தோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்குக் கீழேயே லேப் இருந்து, சிறுநீரகத்தின் மந்தத்தைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தால் நானும் பிஎன்பியைத்தான் யோசித்திருப்பேன். எங்கள் ஊரிலிருந்து லேபுக்கு மூணு மணி நேர பஸ்.