லைட்ரூமில் ஆச்சரியக்குறி வந்தால் ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ரெக்கவரி கடைக்கு ஓடாதீர்கள்

சென்ற தை மாதம் நான் எடுத்த ஒரு திருமணத்தின் 2,140 ரா படங்கள் (கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்புகள்) தொலைந்துவிட்டதாக நானே முடிவுகட்டி, மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு படம்கூடத் தொலைந்திருக்கவில்லை. திரும்ப வாங்கும்போது உண்மையாகவே பல தொலைந்திருந்தன. இதற்குக் கூலியாக 18,500 ரூபாயும் கொடுத்தேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த அன்றிரவு, மணமகளின் தம்பி பழைய குடும்பப் படங்களைப் போட்டுக் கொடுத்திருந்த பென் டிரைவை முதலில் மடிக்கணினியில் செருகினேன். அதற்குப் பிறகே வழக்கமான ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். படங்களை அடுக்கவும் திருத்தவும் நான் பயன்படுத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளைத் திறந்ததும் எல்லாப் படங்களின் மூலையிலும் ஆச்சரியக்குறி நின்றது. இடப்பக்கம் ஃபோல்டர்களின் பெயர்கள் மங்கி, அவற்றின் மேல் கேள்விக்குறி இருந்தது. சிறு படங்கள் வழக்கம்போலத் தெரிந்தன. எடிட் செய்யப் போனால் மட்டும் கோப்பைக் காணவில்லை என்று வந்தது. கை நடுங்க, மைகம்ப்யூட்டர் பக்கத்தையும் லைட்ரூம் பக்கத்தையும் செல்பேசியில் படம் பிடித்து, தெரிந்தவர் ஒருவர் சொன்ன கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவர் டிஸ்க்கையும் மடிக்கணினியையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொண்டார். மாலையில் அழைத்து, "டிஸ்க் ரா ஆயிடுச்சு சார், ரெக்கவரி போடணும்" என்றார். கோப்பு அமைப்பு சிதைந்து விண்டோஸால் படிக்க முடியாத டிஸ்க்கை விண்டோஸ் அந்தச் சொல்லால்தான் குறிக்கும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நாள் முழுவதும் ரா படங்களோடு புழங்குகிற எனக்கு அன்று அது ஏதோ என் படங்களைப் பற்றிய பேச்சாகத்தான் காதில் விழுந்தது. சரியென்று தலையாட்டி, 5,000 ரூபாய் முன்பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினேன். மீதியை ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றார், தந்தேன். பில் கேட்டதற்கு, பிறகு தருவதாகச் சொன்னார்.

ஐந்து நாள் கழித்து லைட்ரூமைத் திறந்து காட்டி, ஆச்சரியக்குறி ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான், ஒன்றுகூட இல்லை. காணாமல்போன படங்கள் என்று லைட்ரூம் காட்டியவை அனைத்தையும் அதன் பட்டியலான கேட்டலாக்கிலிருந்தே நீக்கிவிட்டு, தான் மீட்டவற்றைப் புதிதாக இம்போர்ட் செய்திருந்தார். அந்த நீக்கத்தோடு, பதினொரு இரவுகள் உட்கார்ந்து நான் செய்திருந்த எடிட்டும் நட்சத்திரக் குறிகளும் போய்விட்டன. மீட்ட கோப்புகளில் 1,312 மட்டுமே என்ஈஎஃப் கோப்புகள், அதாவது நிக்கான் கேமராவின் ரா கோப்புகள். அவற்றின் பெயர்களும் பொருளற்ற எண்களாக மாறியிருந்தன. மற்றவை ஜேபெக் கோப்புகள். திறந்து பார்த்தால் 6016க்கு 4016 என்று அளவு சரியாகவே இருந்தது. ஆனால் ஏறத்தாழ 28 எம்பி இருக்க வேண்டிய கோப்பு ஒன்றரை எம்பிதான் இருந்தது. ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் முன்னோட்டத்துக்காகக் கேமரா பொதிந்து வைக்கும் ஜேபெக்கை உருவி எடுத்து, அதையே மீட்ட படம் என்று கணக்குக் காட்டியிருந்தார். 14 பிட் ராவில் ஒரு நிறத்துக்கு 16,384 படிநிலைகள். 8 பிட் ஜேபெக்கில் 256. மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் மேடையின் எல்இடி திரையும் கலந்த ஒளியில் எடுத்த முகத்தை அந்த 256க்குள் திருத்தி எடுக்க முயன்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்பதை, இருபது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கும் அண்ணன் ஒருவர் என் செல்பேசிப் படத்தைப் பார்த்த ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதில் எஃப் டிரைவுக்குக் கீழே, 931 ஜிபியில் 412 ஜிபி காலி என்று தெளிவாகத் தெரிகிறது. சிதைந்த டிஸ்க் அப்படித் தன் கணக்கைச் சொல்லாது. ஃபார்மட் செய்யச் சொல்லித்தான் கேட்கும். வழக்கமாக ஈ என்ற எழுத்தில் வரும் என் டிஸ்க், அந்த எழுத்தைப் பென் டிரைவ் முந்திப் பிடித்துக்கொண்டதால் எஃப் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். லைட்ரூமின் கேட்டலாக்கில் படங்கள் இருப்பதில்லை. படம் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியும் நாம் செய்த திருத்தங்களுமே இருக்கின்றன. ஈ-யில் தேடியது, கிடைக்கவில்லை, ஆச்சரியக்குறி போட்டது. இந்தப் படம் கடைக்காரருக்கு முதல் நாளே போயிருந்தது என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம். திரும்பி வந்த டிஸ்க்கின் பெயர் "நியூ வால்யூம்" என்று இருந்தது. நல்ல நிலையில் இருந்த டிஸ்க்கை அவரே ஃபார்மட் செய்து, மீட்ட கோப்புகளை அதே டிஸ்க்கில் எழுதி, இன்னும் மீட்காதவற்றை அழித்திருக்கிறார் என்பது அண்ணனின் கணிப்பு. எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் ஆச்சரியக்குறியைச் சொடுக்குங்கள். அந்தக் கோப்பு கடைசியாக எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருந்தது என்று லைட்ரூமே காட்டும். அதை எக்ஸ்ப்ளோரரில் இப்போது தெரியும் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து மட்டும் மாறியிருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுக்கலாம். அல்லது கேள்விக்குறி உள்ள மேல் ஃபோல்டரை வலது சொடுக்கி, காணாமல்போன ஃபோல்டரைக் கண்டுபிடிக்கும் கட்டளையைக் கொடுத்து, புதிய இடத்தைக் காட்டலாம். எது செய்தாலும் அந்தப் படங்களைக் கேட்டலாக்கிலிருந்து நீக்கவும் வேண்டாம், மறுபடி இம்போர்ட் செய்யவும் வேண்டாம்.

பழைய வேலைகளுக்கு வேறு டிஸ்க்கில் நகல் இருந்ததால் தப்பித்தேன். இந்தத் திருமணத்துக்கு நகல் எடுக்காதது என் சோம்பல். லைட்ரூமை மூடும்போது வாரம் ஒருமுறை கேட்கும் கேட்டலாக் பேக்கப்புக்கு மட்டும் எப்படியோ ஒப்புதல் கொடுத்து வந்திருந்தேன். நான்கு நாள் பழைய பேக்கப்பிலிருந்து எடிட்டுகள் கிடைத்தன. நிக்கான் தன் கோப்புக்குள்ளேயே கோப்பு எண்ணையும் எழுதி வைப்பதால், கோப்புக்குள் இருக்கும் விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு அதைப் படித்து அண்ணன் பழைய பெயர்களைத் திரும்ப வைத்துக் கொடுத்தார். அதே படங்கள் பதிவாகியிருந்த கேமராவின் இரண்டாம் கார்டை ஃபார்மட் செய்து ஒரு வளைகாப்புக்குப் பயன்படுத்தியிருந்தேன். எழுதப்படாமல் மிஞ்சிய பகுதியிலிருந்து, இலவசமாகவே கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் மேலும் 510 படங்களை எடுத்துத் தந்தது. மிச்சம் 318 படங்களுக்கு ரா இல்லை. தாலி கட்டும் நேரம் முழுவதும் அந்த 318-க்குள் இருக்கிறது. மணமகளின் அப்பாவிடம் உண்மையைச் சொல்லி, ஆல்பத்தின் தொகையில் பாதியை விட்டுக்கொடுத்தேன். அவர்கள் வீட்டுப் படங்கள் முகம் தெரியாத ஒருவருடைய கணினியிலும் ஐந்து நாள் கிடந்தன என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் அதிகம் கூச்சமாக இருந்தது.

கடைக்காரரிடம் கேட்டபோது, கொண்டுவரும்போதே டிஸ்க் அப்படித்தான் இருந்தது என்றார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். யுபிஐ ரசீதோடு, 412 ஜிபி காலி என்று தெரியும் அந்தச் செல்பேசிப் படத்தையும், அதற்குக் கீழே அவர் பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறிகளையும் இணைத்திருக்கிறேன்.