கிளாரண்டனா, ராக்வெல்லா?

காபிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் பழுப்புக் காகிதப் பை வடிவமைத்தேன். பெயர் ஆங்கிலத்தில், தடித்த ஸ்லாப் செரிஃப் எழுத்தில் (கோடுகளின் முனையில் பட்டையான கால் வைத்த எழுத்துரு), பழைய காலத்துக் களையோடு வேண்டும் என்றார்கள். கடைசிவரை போட்டியில் நின்ற எழுத்துருக்கள் கிளாரண்டனும் ராக்வெல்லும். நான் எடுத்தது கிளாரண்டன்.

முனைகளில் பட்டையான கால்கள் இரண்டுக்கும் உண்டு. ஒற்றுமை அதோடு சரி. 1934இல் மோனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் வெளியிட்ட ராக்வெல், ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைந்த மாதிரி இருக்கும். ஆங்கில 'ஓ' (O) கிட்டத்தட்ட முழு வட்டம், கோடுகள் ஏறக்குறைய ஒரே பருமன், பெரிய 'ஏ'யின் (A) உச்சியில்கூட ஒரு பட்டை. கிளாரண்டன் வேறு வம்சம். 1845இல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் அச்செழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி அதைப் பதிவு செய்தார். எழுத்தை உலோகத்தில் வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அகராதியில் தலைச்சொல்லைத் தடித்துக் காட்டுவது போன்ற வேலைக்கு வந்த எழுத்து அது. சட்டப் பாதுகாப்பு மூன்றே வருடம். அப்புறம் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. அமெரிக்காவில் மர எழுத்து செய்தவர்கள் அதை நெருக்கியும் அகட்டியும் போஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். பழைய களை வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்?

விலையில் ராக்வெல்தான் ஜெயிக்கும். எம்.எஸ். ஆபீஸ் உள்ள பல கணினிகளில் அது ஏற்கெனவே இருக்கும். கிளாரண்டனுக்குப் பெரும்பாலும் உரிமம் வாங்க வேண்டும்.

ஆனால் முடிவு செய்தது மை. பழுப்புக் காகிதம் மையைக் குடிக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் விளிம்பு கொஞ்சம் பரவத்தான் செய்யும். ராக்வெல்லில் தண்டும் (எழுத்தின் முக்கியக் கோடு) காலும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. அந்த மூலையில் மை தேங்கி, கூர்மை மழுங்கிவிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே 'ஈ'யில் (E) ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு மாதிரி. அந்த எழுத்தின் அழகே கறார்தான். அது போனால் வெறும் அழுக்கு அச்சு. கிளாரண்டனில் தண்டு வளைந்துதான் காலோடு சேர்கிறது. அங்கே மை சற்று ஏறினால் வளைவு கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். 'ஆர்' (R) எழுத்தின் வால் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும் அழகும் கெடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தடித்த கிளாரண்டனைச் சின்ன அளவில் போட்டால் சின்ன 'ஈ'யின் (e) கண், அதாவது உள்ளே மூடிய வெளி, அடைத்துக்கொள்ளும். அதனால் எடை, தேதி வரிகளைக் கால் இல்லாத ஓர் எழுத்துக்கு மாற்றி, பெயரில் மட்டும் இதை வைத்து, எழுத்து இடைவெளியைச் சற்றுத் தளர்த்தினேன்.

இலவசமாக வேண்டுவோர் ஆல்ஃபா ஸ்லாப் ஒன் என்ற எழுத்துருவைப் பார்க்கலாம். ஆனால் அதன் எழுத்துகளுக்குள் இருக்கும் வெளிகள் வெறும் கீற்றுகள். இந்தக் காகிதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். திரைக்கான வேலை எனக்கு அதிகம் வருவதில்லை. செல்போனில் ராக்வெல்லின் நேர்கோடுகள் சுத்தமாக நிற்கலாம் என்பது என் ஊகம். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அச்சு என்றால் மைப் பிரச்சினை பெரிதாக இருக்காது. அங்கே, அதுவும் சைக்கிள் கடை, ஜிம் மாதிரி இடங்களுக்கு, நானும் ராக்வெல்லைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன்.