ஓட்டுநருக்குப் பத்து, அட்டவணைக்கு நாலு: அயர்லாந்தில் ஐந்து நாள் பஸ் சுற்றுலா

முப்பது வருஷம் வரலாற்று விடைத்தாள் திருத்திய கை. அதனால் மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். பஸ் ஓட்டிய வழிகாட்டிக்குப் பத்துக்குப் பத்து. எங்கே எத்தனை நிமிஷம் நிற்பது என்று திட்டம் போட்டவருக்கு நாலு, அதுவும் தாராளமாக.

மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். மே மாதம் நானும் என் கணவரும் அங்கே போயிருந்தபோது அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. சரி, கிழவனும் கிழவியும் மட்டும் மேற்குக் கரையைப் பார்த்து வருவோம் என்று இந்தச் சுற்றுலாவில் சேர்ந்தோம். 5 நாள், 4 இரவு. கால்வேயில் இரண்டு இரவு, கில்லார்னியில் இரண்டு. ஆளுக்கு 1,150 யூரோ. தங்குவதும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம், மற்றதெல்லாம் நம் செலவு. 24 பேர் கொண்ட சின்ன பஸ். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

ஓட்டுகிறவரே வழிகாட்டி. தாடை ஓரத்தில் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத ரோட்டில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே கதை சொல்கிறார். கெர்ரி மாவட்டத்துக்காரர், அறுபது தாண்டியவர். முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: இன்று முன்னால் உட்கார்ந்தவர் நாளைக்குப் பின்னால். துண்டு போட்டு சீட் பிடித்துப் பழகிய எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் முன் இருக்கை தானாக வந்தபோது நல்ல சட்டம் என்று தோன்றியது.

முதல் நாள் ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ். 544இல் புனித கியரன் தொடங்கிய மடம். கூரையில்லாத கோயில்கள், வட்டக் கோபுரம், கல்லில் விவிலியக் கதைகள் செதுக்கிய உயரமான சிலுவை. வெளியே நிற்பது நகல். அசலை மழைக்குப் பயந்து உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், போதும்.

இந்தப் பயணத்தில் நான் மறக்கப்போகாத இடம் அட்டவணையிலேயே இல்லை. இரண்டாம் நாள் கானமராவில், கடல் மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்து கிடக்கும் கிலாரியின் ஓரத்தில், ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தினார். "எதிர்ச் சரிவைப் பாருங்கள்" என்றார். பச்சைப் புல், அங்கங்கே ஆடு. எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். "ஆட்டை இல்லை. கொஞ்சம் பொறுங்கள், வெயில் சாயட்டும்." மேகம் விலகி வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் சரிவு முழுக்க வரி வரியாக மேடு தெரிந்தது, சீப்பு போட்டு வாரியது போல. உருளைக்கிழங்குப் பாத்திகள். பஞ்சத்துக்கு முன் குத்தகைக் குடும்பங்கள் மலையில் அவ்வளவு உயரம் ஏறிப் பயிர் வைத்தது. 1845இல் கிழங்கு நோய் வந்து, அடுத்த வருஷம் விளைச்சல் அடியோடு போய், சில வருஷங்களுக்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்; இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். பாத்திக்கு ஆள் திரும்பவில்லை. புல் மூடியும் மேடு கரையவில்லை. அந்த வருஷங்களிலும் தானியமும் மாடும் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டுதான் இருந்தன என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார். தாது வருஷப் பஞ்சம் பாடம் நடத்தும்போது சென்னைத் துறைமுகத்தைப் பற்றி இதையேதான் நான் வகுப்பில் சொல்வேன். பக்கத்தில் நின்ற என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நின்றது பன்னிரண்டு நிமிஷம்.

அதற்கு அடுத்து நின்ற கம்பளிக் கடையில் எழுபத்தைந்து நிமிஷம். கைக்கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். ஸ்வெட்டர் ஒன்று நூற்றைம்பது யூரோ. பஸ்ஸைப் பூட்டிவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போய்விட்டார், வெளியே மழை. வேறு வழியில்லாமல் என் கணவர் ஒரு தொப்பி வாங்கினார்.

கைல்மோர் அபே அழகு. மிட்செல் ஹென்றி என்ற பணக்காரர் மனைவிக்காகக் கட்டிய மாளிகை, ஏரியில் தலைகீழாகத் தெரிகிறது. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தில் மடத்தை இழந்த கன்னியாஸ்திரிகள் 1920இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். தோட்டத்துக்கு நடக்கவே நேரம் சரியாகிவிடும், மாளிகைக்குள் ஓடித்தான் பார்க்க வேண்டும்.

அன்று இரவு கால்வேயில் ஒரு பப்புக்குப் போகச் சொன்னார் ஓட்டுநர். நாங்கள் குடிக்காதவர்கள் என்றேன். "டீ கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்" என்றார். நினைக்கவில்லைதான். மேடை கிடையாது. பாட்டுக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிவது பாதிப் பேரின் முதுகு. வயலின், தகரக் குழல், கஞ்சிராவைப் பெரிசாக்கிய மாதிரி போரான் என்ற தோல் வாத்தியம். அதை ஒரு சின்னக் கட்டையால் அடிக்கிறார்கள். ஒரு மெட்டு முடியும் முன்னே அடுத்தது தொடங்கிவிடும். நடுவில் ஒரு வயதான அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஐரிஷில் பாடினார். நம் விருத்தம் போல, தாளக்கட்டு இல்லாமல், இழுத்து இழுத்து. அவ்வளவு சத்தமாக இருந்த கூடம் அப்படியே அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் பர்ரன். மண்ணே தெரியாத சுண்ணாம்புப் பாறைத் தரை. ஆளை முக்கிக் கொல்லத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று, பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் மேல் படையெடுத்து வந்த இங்கிலாந்தின் கிராம்வெல்லுடைய தளபதி ஒருவர் இந்த ஊரைப் பற்றிச் சலித்துக்கொண்டாராம். ஆனால் மே மாதத்தில் அந்தப் பாறை வெடிப்புக்குள் சின்ன நீலப் பூ பூத்திருக்கிறது, குனிந்தால்தான் கண்ணில் படும். ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய போல்நாப்ரோன் கல்லறையை இங்கேதான் பார்த்தோம். நின்ற கல்மேல் பலகைக் கல்.

கடலோரம் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகள் 214 மீட்டர் உயரம் என்று பலகையில் படித்தோம். பார்க்கவில்லை. ஒரே மூடுபனி. ஒரு மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றோம், கீழே அலைச் சத்தம் மட்டும். புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரை விலகியது. எல்லாரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினோம். இன்னும் அரைமணி கேட்டதற்கு, ஷானனைக் கடக்கும் படகு காத்திருக்காது என்றார் ஓட்டுநர். அவர் முகத்திலும் வருத்தம்தான். கம்பளிக் கடையின் எழுபத்தைந்து நிமிஷம் எனக்கு அங்கே ஞாபகம் வந்தது.

சாப்பாடு. "சைவ ஏற்பாடு உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்தது சிப்ஸும் சூப்பும். காய்கறி சூப் என்றாலும் கோழிச் சாற்றில் கொதிக்க வைத்ததா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள், எனக்கு இரண்டு முறை ஆமாம் என்று பதில் வந்தது. ஆனால் அந்த சோடா ரொட்டியும் மஞ்சள் வெண்ணெயும் இருக்கிறதே, அதிலேயே ஐந்து நாளை ஓட்டிவிடலாம். டீயும் நம் ஊர் மாதிரி, பால் விட்டுக் கெட்டியாக. கில்லார்னி ஓட்டலில் லிஃப்ட் இல்லை, எங்களுக்கு இரண்டாம் மாடி. என் கணவரின் முழங்கால் பற்றி முன்பே எழுதித் தெரிவித்திருந்தோம்.

நாலாம் நாள் டிங்கிள் தீபகற்பம். ஓட்டுநரின் சொந்தப் பக்கம். அதுவரை வழிப்பலகைகளில் மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷும் கீழே ஆங்கிலமுமாக இருந்தது. இங்கே ஆங்கிலம் காணாமல் போனது. ஒரு கடைக்காரரிடம் அவர் ஐரிஷில் வணக்கம் சொன்னார். "கடவுள் உன்னோடு இருக்கட்டும்" என்று சொன்னால், "கடவுளும் மரியாளும் உன்னோடு இருக்கட்டும்" என்று பதில் சொல்ல வேண்டுமாம். வாங்கியதற்கு ஒன்று கூட்டித்தான் திருப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிக்கும் மொழி, டப்ளினில் ஏன் காதில் விழவில்லை என்று கேட்டேன். "பரீட்சைக்குப் படித்தோம் அம்மா" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவும் இல்லை, ஒரு வாத்தியாருக்கு விளக்கமும் தேவையில்லை.

எதிரே கடலில் பிளாஸ்கெட் தீவு. இருநூறு பேர் கூட வாழாத தீவு. அங்கே மீன் பிடித்தவர்களும் வீட்டுப் பெண்களும் எழுதிய, சொன்ன வாழ்க்கைக் கதைகள் ஐரிஷ் இலக்கியத்தில் நிலைத்துவிட்டன. கடைசி 22 பேரை 1953இல் கரைக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கரையில் அதற்கென்றே ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள், தீவைப் பார்த்த பெரிய ஜன்னலோடு. அட்டவணைப்படி இருபத்தைந்து நிமிஷம். அதில் கழிப்பறை வரிசை பத்து.

ஐந்தாம் நாள் கோவ் துறைமுகம், காஷல் குன்று, டப்ளின். ஓட்டம்தான். டைட்டானிக் கடைசியாக நின்ற ஊர் கோவ் என்று கேட்டு முடிப்பதற்குள் பஸ் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: ஐரோப்பாவில் பல நாடுகளுக்குச் சேர்த்துச் செல்லும் ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. வட அயர்லாந்தில் இருக்கும் ஜயன்ட்ஸ் காஸ்வே போகும் சுற்றுலா என்றால் அது பிரிட்டன் மண். எல்லையில் சாவடி இல்லாவிட்டாலும் விசா விதி உண்டு. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பிய மறுநாள் கருத்துப் படிவம் வந்தது. ஓட்டல், பஸ், உணவு எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் கேட்டிருந்தார்கள், நேரத்துக்குக் கேட்கவில்லை. கடைசிக் கட்டத்தில், கம்பளிக் கடையில் ஒரு மணி நேரத்தை எடுத்துப் பிளாஸ்கெட்டுக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். கூடவே அதே கம்பளிக் கடைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்.