நூல் அறுந்ததும் நிற்கும் தறி: நகோயாவின் டொயோட்டா அருங்காட்சியகம்

ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தையை எப்படிப் பிடித்தன என்று கேட்டால், கட்டுப்பாடு, கடின உழைப்பு, நாட்டுப்பற்று என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வரும். அந்தப் பதிலில் நிறைவடையாதவர்கள் நகோயாவிலுள்ள டொயோட்டா தொழில், தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். தானியங்கித் தறிகளை உருவாக்கி, டொயோட்டா குழுமத்துக்கு அடித்தளமிட்ட சக்கிச்சி டொயோடா 1911இல் நெசவாலை அமைத்த இடத்தில், பழைய செங்கல் கட்டடத்தைப் பேணிக் காத்து, 1994இல் இதைத் திறந்தார்கள்.

கார்களைக் காண வருபவர்களில் பலர் நெசவுப் பிரிவை ஒப்புக்குச் சுற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் அதுதான் இங்கு முதன்மையான பகுதி. பல எந்திரங்களைப் பணியாளர்கள் கண்முன்னே இயக்கிக் காட்டுகிறார்கள். 1924இல் உருவான ஜி வகைத் தானியங்கித் தறியின் முன் வெகுநேரம் நின்றேன். துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய உலோகத் தகடு கண்காணிக்கிறது. இழை அறுந்தால் தகடு கீழே விழும். உடனே தறி நின்றுவிடும். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீரும் வேளையிலோ, ஓட்டம் தடைபடாமலே, அந்நூலைச் சுமந்து ஓடும் நாடா தானாக மாறிக்கொள்கிறது. பழுதுள்ள துணியை முழம் முழமாக நெய்து முடித்தபின் கழித்துப்போடும் நிலை இதனால் நீங்கியது. தறிக்கு ஒருவர் கண்கொட்டாமல் காவல் நிற்க வேண்டியிராததால், ஒரே தொழிலாளி 30க்கும் மேற்பட்ட தறிகளைக் கவனிக்க முடிந்தது. எந்திர நெசவின் தாயகமான இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே 1929இல் 1,00,000 பவுண்டுக்கு இதன் காப்புரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தது என்றால், அதன் மதிப்பு விளங்கும்.

தறியிலிருந்து காருக்குச் செல்லும் பாதை அடுத்த கூடத்தில் தொடர்கிறது. சக்கிச்சியின் மகன் கீச்சிரோ தறி நிறுவனத்துக்குள்ளேயே 1933இல் வாகனப் பிரிவைத் தொடங்கினார். 1936இல் ஏஏ வகைக் கார் வெளிவந்தது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடித்த தைச்சி ஓனோவும் நெசவாலையிலிருந்து வந்தவரே. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமையில் அந்தத் தறியின் தர்க்கம் அப்படியே தெரிகிறது. மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் கடைநிலைத் தொழிலாளி எடுக்கும் முடிவை நிறுவனம் மதித்ததே இந்த வெற்றியின் ஆணிவேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1984இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டாகக் கலிபோர்னியாவின் பிரீமாண்ட்டில் இதே முறையைப் புகுத்தியபோது, முன்பு பூசல்களுக்குப் பெயர்போன ஆலையில், பெரும்பாலும் அதே அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டே தரமான கார்கள் உருவாயின. ஆகவே இதை ஜப்பானியரின் பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நிறுவனம் தன் கதையைத் தானே சொல்லும் இடம் இது என்பதையும் மறக்கக் கூடாது. 2009-10இல் பல லட்சம் வாகனங்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, வளர்ச்சியின் வேகம் மிகையாகிவிட்டது என்று அப்போதைய தலைவர் அக்கியோ டொயோடாவே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அந்த வரலாற்றையும் படித்துவிட்டுச் சென்றால், தறியின் முன் நிற்கும்போது கேட்பதற்குக் கூர்மையான கேள்விகள் இருக்கும்.

மெய்டெட்சு ரயில் தடத்தின் சாக்கோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். திங்கட்கிழமைகளில் வழக்கமாக விடுமுறை. ஆங்கில விளக்கப் பலகைகள் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் கார் கூடத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நெசவுப் பிரிவைச் சுருக்க வேண்டாம்.