ஒன்றரை லட்சம் ராண்டுக்குள் டர்போ கூப்பே: டிடியா, சிரோக்கோவா, ஆர்சிஇசட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் இளவட்டங்களிடம் கார் பேச்சை எடுத்தால் எப்படியும் அது ஃபோக்ஸ்வாகனின் வேக ரகமான கோல்ஃப் ஜிடிஐயில் போய்த்தான் நிற்கும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த மவுசினாலேயே பழைய ஜிடிஐக்கும் இங்கே விலை லேசில் இறங்காது. அதே காசை வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் புரட்டினால் இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, டர்போ இன்ஜின் என்று ஒரு கூப்பே கண்ணடிக்கும். இந்த அலசல், அதில் ஏற்கெனவே பாதி விழுந்துவிட்டவர்களுக்கு.

எடுத்துக்கொண்டது மூன்று வண்டி. 1998 முதல் 2006 வரை வந்த முதல் தலைமுறை ஆடி டிடி, 2008இல் வந்து 2017 வரை ஓடிய ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோ, 2010 முதல் 2015 வரை வந்த பெஜோ ஆர்சிஇசட். துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் ஜப்பான் பழைய வண்டிகளைப் பார்த்து ஏங்கவே வேண்டாம். அவை ஜாம்பியா, ஜிம்பாப்வே பக்கம் போகிறவை. தென்னாப்பிரிக்காவுக்குள் பழைய காரை இறக்குமதி செய்து விற்க விடமாட்டார்கள். ஊர் திரும்புகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்தான் பெர்மிட். அதனால் இங்கே புதிதாக விற்ற வண்டிகளிலிருந்துதான் நாம் பொறுக்க வேண்டும். உதிரிப்பாகத்துக்கும் அதே கதைதான். இங்கே விற்காத வண்டி இங்கே ஸ்க்ராப் யார்டிலும் இருக்காது.

ஆகவே நான் குதிரைசக்தியைப் பார்த்துத் தரம் பிரிக்கப்போவதில்லை. வண்டியின் எந்தப் பாகம் ஊரில் ஓடும் சாதாரண வண்டியிலும் இருக்கிறது, எந்தப் பாகம் இதில் மட்டும் இருக்கிறது? பழைய கூப்பேயில் காசைக் கரைப்பது இரண்டாவது வகைதான்.

முதலில் டிடி. மூன்றிலும் வயதானது இதுதான், அதனால் கேட்கும் விலையும் பெரும்பாலும் குறைவு. இன்ஜின் 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. 132 கிலோவாட், 165 கிலோவாட் என்று இரண்டு வகை அதிகம் கண்ணில் படும். பின்னால் இரண்டு பக்கமும் புகைக்குழாய் இருந்தால் அது 165. இந்தக் குடும்பத்து இன்ஜின்தான் கோல்ஃப் 4 ஜிடிஐயிலும், ஆடி ஏ3, ஏ4இலும், பின்னால் வந்த போலோ ஜிடிஐயிலும் ஓடியது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டுக் கராஜில் வேலை பார்க்கும் எந்த அங்கிளிடம் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவார். வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைத் தெளிக்கும் பழைய முறை என்பதால், மற்ற இரண்டையும் வாட்டும் கரிப் படிவுத் தொல்லை இதற்குக் கிடையாது. இக்னிஷன் காயில் போகும், பிளாஸ்டிக் இறக்கை வைத்த வாட்டர் பம்ப் போகும், டைவர்ட்டர் வால்வு கிழியும். எல்லாம் சில்லறை வேலை.

டைமிங் பெல்ட் மட்டும் சில்லறை இல்லை. அறுந்தால் வால்வுகள் வளைந்து, ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டரைப் போல வயதும் ஒரு கணக்கு. "போன ஓனர் மாத்திட்டார்" என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் சேர்த்துப் பேரத்தில் குறையுங்கள்.

டிடியின் உண்மையான வில்லன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மீட்டர் பெட்டி. சாவியைத் திருப்பிவிட்டு நடுவில் உள்ள சிவப்புத் திரையை உற்றுப் பாருங்கள். எழுத்துகள் பாதி அழிந்து, 8 எது 3 எது என்று தெரியாமல் இருந்தால் பெட்டி தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. திரையாவது பரவாயில்லை, முள்ளும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். கால் டேங்க் என்று காட்டிக்கொண்டே மாரியன்ஹில் டோலுக்கு முன்னால் வண்டி நின்றுவிடும். வெப்பமானியும் அதே பெட்டிக்குள் இருப்பதால் இன்ஜின் கொதிப்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். சரி, ஸ்க்ராப்பிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டலாமே என்றால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அந்தப் பெட்டியோடு பிணைந்தது. கோடிங் செய்யாமல் வண்டி கிளம்பாது. பெட்டியைக் கழற்றி எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்வதுதான் வழி, அதுவரை வண்டி வீட்டில் நிற்கும்.

குவாட்ரோ, அதாவது நான்கு சக்கர இழுவை என்றால் பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கடத்தும் ஹால்டெக்ஸ் இணைப்பு பின்பக்கம் இருக்கும். அதன் எண்ணெய், ஃபில்டர் இரண்டையும் மாற்றாமல் விட்டால் பின் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். காய்ந்த சாலையில் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம், பின்னால் சிறிய ஸ்பாய்லர் இல்லாத டிடியைப் பார்த்தால் ஏன் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் அதிவேகத்தில் வால் பிடுங்கிக்கொண்டு நடந்த விபத்துகளுக்குப் பிறகு ஆடியே வண்டிகளைத் திரும்ப அழைத்து மாட்டிய ஸ்பாய்லர் அது. அழகு போகிறது என்று கழற்றிய புத்திசாலிகள் உண்டு.

சிரோக்கோவில் வெளித் தகடும் கண்ணாடியும் கதவும்தான் அதற்கே உரியவை. அடியில் இருப்பதெல்லாம் கோல்ஃப் 5, கோல்ஃப் 6 சரக்கு. கண்ட்ரோல் ஆர்ம் புஷ், பிரேக், ரேடியேட்டர் ஃபேன், சென்சார் எது போனாலும் கோல்ஃப் பாகம் விற்கும் கடையில் அன்றே கையில் வாங்கி வரலாம். பின் சீட்டில் பெரியவர்கள் இருவர் நிஜமாகவே உட்காரலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பாட்டியையும் கூட்டிப் போக வேண்டிய வீடு என்றால், டிடியும் ஆர்சிஇசட்டும் இந்த ஒரு காரணத்திலேயே அடிபட்டுவிடும். அவற்றின் பின் சீட்டு தேங்காய்ப் பழப் பைக்குத்தான் சரி.

ஆனால் எந்த சிரோக்கோ? 1.4 டிஎஸ்ஐ வேண்டாம். ஒரே சின்ன இன்ஜினில் சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்த்து வைத்தது. பிஸ்டன் விரிசல் விடுவதில் பெயர் வாங்கியது. அதோடு டிஎஸ்ஜி என்னும் தானியங்கி கியர்பாக்ஸின் ஏழு கியர் உலர் கிளட்ச் வகையும் சேர்ந்தால் இரட்டைத் தலைவலி. 2.0 டிஎஸ்ஐ, 147 கிலோவாட், அதைப் பாருங்கள். அதிலும் ஒரு கண்டம் இருக்கிறது: டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். 2012 வாக்கில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய டென்ஷனர் பிடி விட்டால், ஸ்டார்ட் செய்யும் நொடியிலேயே செயின் பல் தாவி வால்வுகள் நசுங்கும்.

இதைக் கண்டுபிடிக்க விடிகாலைதான் நேரம். விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் உங்களுக்காக ஏற்கெனவே ஒரு முறை ஓடவிட்டிருக்கிறார். அன்று திரும்பிவிட்டு இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டு மூன்று நொடி, தகர டப்பாவில் ஆணி குலுக்கினமாதிரி ஒரு கரகரப்பு வந்து அடங்குகிறதா? நானும் பார்க்கப் போயிருந்த ஒரு வெள்ளை சிரோக்கோவில் அது வந்தது. கூட வந்த மெக்கானிக் அங்கிள் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "செயின் பேசுது தம்பி, விட்டுடு" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார். சத்தம் இல்லாவிட்டாலும் செயின் மூடியின் கீழ்ப்பகுதியில் ஒரு ரப்பர் அடைப்பு உண்டு. அதைக் கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே இருப்பது பழைய டென்ஷனரா புதிதா என்று விஷயம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். வாங்குவதற்கு முன் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச ஒன்றுமில்லை.

மற்றபடி இந்த இன்ஜின் எண்ணெய் குடிக்கும், தெர்மோஸ்டாட் பெட்டி கசியும், நேரடி இஞ்செக்ஷன் என்பதால் வால்வில் கரி ஏறும். ஆறு கியர் டிஎஸ்ஜி இருந்தால் ஒவ்வொரு 60,000 கிலோமீட்டருக்கும் எண்ணெய் மாற்றிய பில் வேண்டும். கைக் கியர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஆர்சிஇசட் பற்றி நியாயமாகப் பேசுவது கஷ்டம், அவ்வளவு அழகு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மேக்னா ஸ்டெயர் கட்டிய வண்டி. கூரையிலும் பின் கண்ணாடியிலும் இரட்டைக் குமிழ். பெரும்பாலும் 115 அல்லது 147 கிலோவாட்டில் வந்த 1.6 லிட்டர் டர்போ இன்ஜினை பெஜோவும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து உருவாக்கின; அதே குடும்பம்தான் அன்றைய மினி கூப்பர் எஸ்ஸிலும் இருந்தது. அதாவது மினி பார்க்கும் மெக்கானிக் இதையும் பார்ப்பார், அது ஒரு ஆறுதல். ஆனால் அந்தக் குடும்பத்து நோய்களும் கூடவே வரும்: நீளும் செயின், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், கரி, கசியும் தெர்மோஸ்டாட் பெட்டி. சிரோக்கோவின் பட்டியலேதான், கோல்ஃபின் துணை மட்டும் இல்லை. அடித்தளம் பெஜோ 308. அதுவே இங்கே ரோட்டில் அபூர்வம். பின் கண்ணாடி உடைந்தால்? ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் பக்கம் ஆலங்கட்டி மழை பெய்யும் ஒரு மத்தியானம் போதும். அந்த வளைந்த கண்ணாடி உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது.

இன்னும் இரண்டைச் சிலர் கேட்பார்கள். பிஎம்டபிள்யூ 335ஐ கூப்பே: 225 கிலோவாட், இரட்டை டர்போ, ஓட்டினால் மற்ற எல்லாம் மறந்துபோகும். அந்தத் தலைமுறை 3 சீரிஸ் செடான் பிரிட்டோரியா பக்கம் ராஸ்லினில் தயாரானதால் சஸ்பென்ஷன் சாமான் கிடைக்கும். ஆனால் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், மின்சார வாட்டர் பம்ப் என்று அது கேட்கும் செலவு வாங்கிய விலையைத் துரத்திப் பிடிக்கும். ஓபெல் ஆஸ்ட்ரா ஓபிசி: 177 கிலோவாட்டும் முன் சக்கரத்துக்கே போகிறது, கியர்பாக்ஸ் பேரிங் பலவீனம். ஓபெல்லை இங்கே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் நாட்டைவிட்டுப் போனபிறகு அதை வேறொருவர் விற்கிறார். இரண்டையும் நான் ஒதுக்கிவிட்டேன்.

எந்த வண்டி என்பதைப் போலவே அது எங்கே வாழ்ந்தது என்பதும் முக்கியம். டர்பன் வண்டிக்கு உப்புக் காற்று. சஸ்பென்ஷன் போல்ட், புகைக்குழாய் கிளாம்ப், பிரேக் பைப் எல்லாவற்றையும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் வண்டிக்கு அடிப்பாகம் சுத்தமாக இருக்கும். பதிலுக்குக் கூரையில் ஆலங்கட்டிக் குழிகள். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, அதே பூஸ்ட்டை, அதாவது காற்றழுத்தத்தைக் கொடுக்க டர்போ அதிகம் சுழல வேண்டும். அங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் சாதாரணம். டர்போ வண்டிக்கு 95தான் போட்டாரா என்று கேளுங்கள். கூடுதல் சக்திக்காக சாஃப்ட்வேர் ஏற்றிய வண்டியில் 93 போட்டு ஓட்டியிருந்தால் பிஸ்டன் அதன் கதையைப் பின்னால் சொல்லும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். டர்பன் ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மூழ்கிய வெள்ளம் அது. அதில் நனைந்த வண்டிகள் எங்கே போயின என்று யோசித்துவிட்டு, ஸ்பேர் வீல் குழியில் வண்டல் இருக்கிறதா, சீட் தண்டவாளம் துருவா, கார்ப்பெட்டுக்கு அடியில் கை வைத்தால் ஈரமா என்று பாருங்கள். பதிவுத் தாளில் கோட் 3 என்றிருந்தால் திரும்பக் கட்டிய வண்டி. கோட் 2 (பழைய வண்டி) என்றிருப்பதாலேயே அடிபடாத வண்டி என்று ஆகிவிடாது.

ஓட்டிப் பார்க்க பைன்டவுனிலிருந்து க்லூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேடு போதும். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்து ஏறுங்கள். இழுவை நடுவில் விட்டுவிட்டு வந்தால் காயிலோ பூஸ்ட் குழாயோ. மேலே நிறுத்தி இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டுங்கள். நீலப் புகை குப்பென்று வந்தால் டர்போ சீல் அல்லது வால்வு சீல்.

ரோட்வொர்த்தி சான்றிதழை நம்பி இன்ஜினை வாங்காதீர்கள். அந்தச் சோதனை பிரேக், லைட், டயர், ஸ்டியரிங் பார்ப்பது. செயினையும் டர்போவையும் யாரும் திறப்பதில்லை. வருஷா வருஷம் சோதனையும் இங்கே கிடையாது. ஒரே கையில் பத்து வருஷம் இருந்த வண்டியை பத்து வருஷமாக எந்த அரசு ஆய்வாளரும் பார்த்திருக்க மாட்டார். டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதுக்கு டீலரைப் பிடிக்க ஆறு மாதம் உங்களுக்கு உரிமை உண்டு. தனியாரிடம் ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி என்ற முறையில் வாங்கினால், தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பேப்பரை 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) இடத்தில் பேங்க் பெயர் இருந்தால் கடன் தீராமல் காசு கொடுக்காதீர்கள்.

என் தேர்வு: தினமும் ஓட்ட ஒரே வண்டி என்றால் கைக் கியர் சிரோக்கோ 2.0, புது டென்ஷனர் போட்ட பில்லோடு. பில் இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள், வாங்கிய வாரமே மாற்றுங்கள். வீட்டில் இன்னொரு கொரோலாவோ பக்கியோ (பிக்கப் வண்டி) நிற்கிறது, இது ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால் மீட்டர் பெட்டி ஏற்கெனவே சரிசெய்த டிடி. 132 கிலோவாட்டே போதும். ஆர்சிஇசட்டுக்கு மனசு போய்விட்டவரை நான் தடுக்கப்போவதில்லை; காசு கொடுப்பதற்கு முந்தின நாள் இன்ஷூரன்ஸ்காரருக்கு போன் போட்டு, பின் கண்ணாடிக்கும் சேர்த்து எழுதிக் கொடுப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.