வீட்டுப் பத்திரத்தில் கணவர் பெயரைச் சேர்க்கப் போய் 68,000 ரூபாய் போச்சு: சேலத்துக்காரர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன். ஐந்து ரோடு பக்கம் பத்திர வேலை எல்லாம் முடித்துத் தரும் ஒரு ஆலோசனை அலுவலகத்துக்கு 68,000 ரூபாய் கொடுத்தோம். நாங்கள் கேட்டது ஒன்று, பதிவாகி வந்தது வேறொன்று.

அழகாபுரத்து வீடு என் சம்பாத்தியம். கல்யாணத்துக்கு முன்பே கடனை அடைத்து மூலப் பத்திரத்தை மீட்டுவிட்டேன். இப்போது மாடி கட்ட நானும் கணவரும் சேர்ந்து கடன் வாங்குவதாகப் பேச்சு. அவரும் உரிமையாளராக இருந்தால்தான் வட்டிக்கு அவருக்கு வரிச்சலுகை என்று அந்த அலுவலகத்தில் சொன்னார்கள். சரி, அவருக்கு 30 சதவீதம், எனக்கு 70 என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். அவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நாளைக்குப் பட்டறைக் கடனுக்கு ஜப்தி என்று வந்தால் அது அவர் பாகத்தோடு நிற்கட்டும், நான் கட்டி முடித்த பணம் தப்பட்டும் என்பதுதான் எங்கள் இருவரின் எண்ணமும். இதை அந்த அலுவலகத்து ஆளிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"அக்கா, கல்யாணத்துக்கு முந்தி நீங்க கட்டின காசுல ஒரு ரூபா வெளிய போகாது, அதுக்கு நான் பொறுப்பு" என்றார். கூட வந்த என் அம்மாவை உட்கார வைத்து காபி வரவழைத்தார். அன்றே வாட்ஸ்அப்பில் வரைவு வந்தது, அதில் 30 சதவீதம் என்று தெளிவாக இருந்தது. பதிவு நாளில் டோக்கன் கூப்பிட்ட பிறகுதான் தாள்களை நீட்டினார். "நீங்க பார்த்த அதே டிராஃப்ட்தான்க்கா, சீக்கிரம் போடுங்க." கையெழுத்து, கைரேகை, போட்டோ, முடிந்தது.

கைக்கு வந்த பத்திரத்தில் "பிரிபடாத சரிபாதி பாகம்" என்று இருக்கிறது. நிபந்தனை ஒரு வரி கூட இல்லை.

பணத்திலும் கொள்ளை. 68,000 ரூபாயில் பெரும்பகுதி அரசுக்கு என்றார்கள். குடும்பத்துக்குள் விலை வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு முறையே 40,000, 10,000. எங்கள் பாதிப் பாகத்தின் மதிப்பு 18 லட்சம். அரசுக்குப் போனது 18,000 + 10,000, சில்லறைக் கட்டணங்கள் தனி. மீதி எங்கே?

கேட்டால் முதலில் "டைப்பிங் மிஸ்டேக்". அப்புறம் "சார் வெளியூர் போயிருக்கார்". அப்புறம் "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க". கடைசியாக, "புருஷன் பொண்டாட்டிக்குள்ள பாதி என்ன, கால் என்ன?" இப்போது போனை எடுப்பதே இல்லை.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி, நிபந்தனையில்லாமல் தானமாகக் கொடுத்ததை என் விருப்பத்துக்கு ரத்து செய்ய முடியாது. கூடுதலாகப் போன 20 சதவீதத்தை என் கணவரே எனக்குத் திரும்ப எழுதித் தர வேண்டும். அவர் தயார். ஆனால் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். தயாராக இல்லாத கணவராக இருந்தால்?

அதைவிடக் கொடுமை, ஆடிட்டர் சொன்னது. மனைவி கணவருக்கு இலவசமாக எழுதிக்கொடுத்த வீட்டுப் பாகத்துக்கு, வருமான வரிச் சட்டப்படி வரிக் கணக்கில் மனைவியே உரிமையாளர். எந்தச் சலுகையைக் காட்டி எங்களைப் பத்திரம் எழுத வைத்தார்களோ, அதுவே ஆட்டம் கண்டுவிட்டது.

எழுதப் போகிறவர்கள் முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். பாகத்தை எண்ணாலும் எழுத்தாலும் போடச் சொல்லுங்கள். பதிவுக்கு முந்தின நாளே இறுதிப் பிரதியை வாங்கி ஒவ்வொரு பக்கமும் படியுங்கள். அரசுக் கட்டணத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே கட்டுங்கள், அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் வரைவை அழிக்காதீர்கள். அதையும் 68,000 ரூபாய் ரசீதையும் வைத்துத்தான் திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன்.